சொல் விளக்கம்: பாரசிட்டமால்

காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்றால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரை இது. ஆனால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 'டோலோ', 'குரோசின்', 'கால்பால்' என்பார்கள். இலங்கையில் 'பனடோல்'. அமெரிக்காவிலுள்ள உறவினர் அனுப்பும் டப்பாவில் 'டைலெனால்' என்றும், கீழே சிறிய எழுத்தில் 'அசிட்டமினோபென்' என்றும் இருக்கும். எல்லாம் ஒரே மருந்து.

பெயர் வேதியியல் பெயரின் சுருக்கம். முழுப்பெயர் பாரா-அசெட்டைல்-அமினோ-பீனால். அதில் முன்னும் நடுவும் பின்னும் கொஞ்சம் கிள்ளி ஒட்டினால் பாரசிட்டமால். அதே நீளப்பெயரில் வேறு இடங்களை வெட்டி எடுத்தது அசிட்டமினோபென். 'அசெட்டைல்' என்பதன் வாலையும் 'பீனால்' என்பதன் வாலையும் சேர்த்து ஒட்டினால் டைலெனால். 'பாரா' கிரேக்கத்தில் 'அருகில்' என்று பொருள்படும். வேதியியலில் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட பென்சீன் வளையத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரே, 1, 4 என்ற இடங்களில் இருப்பதைக் குறிக்கும். பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஆர்த்தோ, மெட்டா, பாரா நினைவிருக்கும். 'அசெட்' இலத்தீனில் காடி, அதாவது வினிகர். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுப்பெயர்ப் பட்டியல் ஏற்றிருப்பது பாரசிட்டமால்; அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகள் அசிட்டமினோபென் என்ற பெயரை வைத்துக்கொண்டன.

மருந்து பிறந்த கதை சுற்றுவழிதான். 1878-இல் அமெரிக்காவில் ஹார்மன் மோர்ஸ் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. 1886-இல் கான், ஹெப் என்ற மருத்துவர்கள், நாப்தலீன் (பாச்சை உருண்டைப் பொருள்) என்று நினைத்துக் கொடுத்த வேறொரு பொருள் காய்ச்சலைக் குறைத்ததைக் கண்டார்கள். அது அசெட்டனிலைடு, 'ஆன்டிபெப்ரின்' என்று விற்பனைக்கு வந்தது, கூடவே உதடும் விரலும் நீலம் பாரிக்கும் விளைவையும் கொண்டுவந்தது. 1948-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிராடியும் ஆக்செல்ராடும், அசெட்டனிலைடு உடலுக்குள் பாரசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதன்பின் 1955-இல் அமெரிக்காவில் டைலெனால், 1956-இல் பிரிட்டனில் பனடோல்.

தமிழில் என்ன சொல்வது? மருந்தின் பெயரை மொழிபெயர்ப்பது ஆபத்து. அட்டையில் அச்சிட்ட பெயரை அப்படியே படிக்கத் தெரிவதுதான் தேவை. மருந்து வகைக்குத் தமிழ் வேண்டும். 'வலிநிவாரணி' வடசொல் கலந்தது, ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது. 'வலிநீக்கி' நல்ல சொல். பழந்தமிழில் வலி என்றால் வலிமை என்பதால் பழைய புலவர் யாராவது படித்தால் பயந்துபோவார், அவ்வளவுதான். இலங்கையில் 'நோவு' பேச்சில் இருப்பதால் அங்கே 'நோவுநீக்கி' இயல்பாக ஒலிக்கும். காய்ச்சலுக்கு மட்டும் 'நீக்கி' வேண்டாம், 'காய்ச்சல் தணிப்பி' என்பதே சரி. மூளை உயர்த்தி வைத்த வெப்ப அளவை இம்மருந்து சில மணி நேரம் இறக்குகிறது, கிருமியைத் தொடுவதில்லை. போட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வெப்பம் இறங்கத் தொடங்கி, நாலைந்து மணியில் மறுபடி ஏறினால் மாத்திரை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. சூடு முழுக்க இறங்கவில்லையே என்று இரண்டு மணியில் இன்னொன்று போடுவதுதான் தப்பு.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி.; குறைந்தது 4 மணி இடைவெளி; 24 மணியில் 4000 மி.கி.க்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினம் குடிப்பவர்கள் இன்னும் குறைவாகத்தான் எடுக்கலாம், அதையும் மருத்துவரைக் கேட்டு. பல பெயர்கள் வம்பாவது இங்கேதான். காய்ச்சலுக்கு 650 மாத்திரை மூன்று வேளை: 1950. மூக்கடைப்புக்கு வாங்கிய சளி மாத்திரைக்குள் 500, மூன்று வேளை: 1500. இடுப்புவலிக்கு அசிக்ளோபினாக் என்ற வலிமருந்தோடு 325 சேர்ந்தது, இரண்டு வேளை: 650. மொத்தம் 4100. எடுப்பவர் மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்று நினைத்திருப்பார். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் 'பாரசிட்டமால் ஐ.பி.' என்ற வரியைத் தேடினால் கணக்கு வெளிவரும். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கிறது.

குழந்தைக்கு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாளுக்கு நான்கு முறைக்குள். 10 கிலோ குழந்தைக்கு உச்ச அளவு 150 மி.கி. அது 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; 5 மி.லி.க்கு 120 உள்ளதில் சுமார் 6 மி.லி.; 1 மி.லி.க்கு 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி.தான். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். பாட்டிலைக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும்; முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கடுத்தும் இருக்கும். சமையலறைக் கரண்டி வேண்டாம், மூடியோடு வரும் அளவுக் கிண்ணத்தையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ எடுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி எட்டினாலே நேரே மருத்துவமனை.

டெங்குவாக இருக்குமோ என்ற காலத்தில் இபுபுரோபென், ஆஸ்பிரின், டைக்ளோபினாக் மூன்றும் இரத்தப்போக்கைத் தூண்டக்கூடும். அப்போது பாரசிட்டமால் மட்டும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு மாத்திரையைத் தொடராமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அளவு மீறினால் கல்லீரல் இதை நச்சாக மாற்றும் பங்கு கூடும். அந்த நச்சை அடக்கும் குளூட்டத்தயோன் என்ற கல்லீரல் பொருள் தீர்ந்துபோகும். முதல் நாளில் குமட்டல் தவிர ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அதனால் தேறிவிட்டதாகத் தோன்றும். நச்சுமுறி மருந்து அசெட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். அறிகுறிக்காகக் காத்திராமல், காலி அட்டையோடும் எத்தனை மணிக்கு எத்தனை விழுங்கினார் என்ற விவரத்தோடும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.