வெந்நீர் எப்போது வந்து சேரும்? நகர வெப்பக் குழாய்களைக் கணிக்கும் மென்பொருள்கள்

கோபன்ஹேகனில் வீட்டுக்கு வீடு கொதிகலன் கிடையாது. தெருவுக்கு அடியில் இரட்டைக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றில் வரும் வெந்நீர், வீட்டின் வெப்பமாற்றியில் சூட்டைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் திரும்பிப் போகிறது. நகரின் வெப்பத் தேவையில் ஏறக்குறைய 98 சதவீதம் இப்படித்தான் நிறைவேறுகிறது. மின் நிலையங்களும் குப்பை எரிக்கும் ஆலைகளும் வெளியே விட்டுவிடும் வெப்பத்தின் பெரும்பங்கு இதில் பயன்படுகிறது. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979இல் வெப்ப வழங்கலுக்கென்றே சட்டம் இயற்றி இந்த வலையமைப்புகளை விரிவாக்கியது.

புதைத்த குழாய் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். விட்டம் தவறினால் தெருவையே தோண்ட வேண்டும். அதனால் திட்டமிடுபவர்கள் முதலில் கணினியில் நகரத்தைக் கட்டிப் பார்க்கிறார்கள். அதற்கான மென்பொருள்கள் ஏராளம். எது சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் எதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். நீர் 80 டிகிரியில் போய் 40 டிகிரியில் திரும்பினால், 10 மெகாவாட் வெப்பத்தைக் கொண்டுசெல்ல நொடிக்குச் சுமார் 60 கிலோ நீர் போதும். இந்த வேறுபாடு 30 டிகிரியாகக் குறைந்தால் 80 கிலோ தேவை. குழாயில் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுகிறது. பம்பின் திறனோ அழுத்தம், ஓட்டம் இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. ஆகவே நீரோட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடினாலும் பம்புக்கு வேண்டிய மின்திறன் ஏறக்குறைய 2.4 மடங்காகிவிடும்.

சிக்கலைக் கொண்டுவருவது காலம். குளியலறையில் கீசர் குழாயைத் திறந்ததும் நீர் வந்துவிடும். சூடு சற்றுப் பின்னால்தான் வரும். நகரக் குழாய்களிலும் இதேதான். அழுத்த மாற்றம் நீருக்குள் ஒலி வேகத்தில் பரவுகிறது. வெப்பமோ நீரோடு நீராக நகர வேண்டும். ஆலையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தெருவுக்கு, நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் சூடான நீர் போய்ச் சேர 80 நிமிடங்களுக்கு மேல் ஆகும். கோடை இரவில் ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதே பயணத்துக்கு 14 மணி நேரம் பிடிக்கும்.

இந்தத் தாமதத்தை ஆல்போர் பல்கலைக்கழகத்தின் எனர்ஜிபிளான் கண்டுகொள்வதில்லை. ஹென்ரிக் லுண்ட் 1999 முதல் வளர்த்துவரும் இந்த இலவச மென்பொருள், ஓர் ஆண்டின் 8,784 மணி நேரங்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. மின்சாரம், வெப்பம், எரிவாயு, போக்குவரத்து நான்கையும் ஒன்றாகப் பார்க்கிறது. காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது, வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் இழுத்து நீருக்கு ஏற்றும் பெரிய வெப்பப் பம்புகளை இயக்கினால் நாட்டுக்கு என்ன மிச்சம் என்று கேளுங்கள், சில நொடிகளில் பதில் வரும். ஆனால் நகரத்தின் குழாய்கள் முழுவதும் அதற்கு ஓர் இழப்பு விகிதம், அவ்வளவுதான். கடைசி வீட்டுக்குப் போதுமான அழுத்தம் கிடைக்குமா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அதற்குக் குழாய் குழாயாகக் கணக்கிடும் மென்பொருள்கள் வேண்டும். டென்மார்க்கில் பிறந்த டெர்மிஸ் வணிகப் பொருள். ஜெர்மனியில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தாரும் காசல் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பாண்டாபைப்ஸ் திறந்த மூலம். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இன்றே தொடங்கலாம். இயந்திர அமைப்புகளைக் கணினியில் விவரிப்பதற்கான மாடலிகா மொழியில் எழுதினால் வால்வு, கட்டுப்பாட்டுக் கருவி வரை நுணுக்கமாகக் காட்டலாம். நகரம் பெரிதானால் கணக்கு ஆமையாக நகரும்.

குழாய் அளவில் கணக்கிடுபவற்றுக்குள்ளும் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. சிலவற்றில் குழாயைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நீர் முழுமையாகக் கலந்துவிடுவதாகக் கொள்கிறார்கள். ஆலை திடீரென 70 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால், அந்தக் கூர்மையான படி ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கரைந்து, கடைசியில் சாய்வான மேடாகத் தெரியும். உண்மைக் குழாயில் படி அந்த அளவுக்கு மழுங்குவதில்லை. திரையில் பிழைச் செய்தியும் வராது. வளைகோடு அழகாகவே இருக்கும். நீரின் ஒவ்வொரு பகுதியும் எப்போது உள்ளே நுழைந்தது என்று குறித்துவைத்துப் பின்தொடரும் முறை இந்தப் படியைக் காப்பாற்றுகிறது. இவற்றில் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதே மென்பொருள் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய வேறுபாடுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் டெஸ்டெஸ்ட் என்ற பன்னாட்டு முயற்சி, ஒரே குடியிருப்பைப் பல மென்பொருள்களில் கட்டி விடைகளை ஒப்பிட்டது.

எனர்ஜிபிளான் போன்ற ஆண்டுக் கணக்கு, குழாய்க் கணக்கு ஆகிய இரண்டு வகையும் சரியாகக் கணக்கிட்டே எதிரெதிர் அறிவுரை தரலாம். நீரை 80, 40க்குப் பதிலாக 55, 25 டிகிரியில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். மண் 8 டிகிரியில் இருந்தால் குழாய்களின் வெப்ப இழப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையும். வெப்பப் பம்பும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஆண்டுக் கணக்கு போடும் மென்பொருள் இதை வரவேற்கும். குழாய்க் கணக்கோ, வேறுபாடு 30 டிகிரியாகச் சுருங்கியதைப் பார்த்து, பழைய குறுகிய குழாய்கள் உள்ள தெருக்களில் சிவப்பு விளக்கைக் காட்டும்.

அனுபவமுள்ள திட்டமிடுநர்கள் இங்கே ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை ஒதுக்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் தேறிய திட்டத்தை, ஆண்டின் மிகக் குளிரான நாளுக்குக் குழாய்க் கணக்கில் ஓட்டுகிறார்கள். எந்தத் தெருக்களில் குழாயை மாற்ற வேண்டும், பம்புச் செலவு எவ்வளவு, உண்மையான வெப்ப இழப்பு எவ்வளவு என்று அது சொல்லும். அந்த எண்களை முதல் மென்பொருளில் பழைய இழப்பு விகிதத்தின் இடத்தில் இட்டு, ஆண்டு முழுவதையும் மறுபடி ஓட்டுகிறார்கள்.