ஆம்பியன்ட் இசை: பின்னணி இசையா, சூழிசையா?

'சாப்பாடு சுமார்தான், ஆனா ஆம்பியன்ஸ் சூப்பர்' என்று ஹோட்டலைப் பற்றிப் பேசுவது இப்போது சர்வசாதாரணம். விளக்கு வெளிச்சம், மேசைகளுக்கு நடுவே விட்ட இடம், எங்கிருந்தோ மெல்லக் கேட்கும் இசை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் ஒன்றை அந்தச் சொல்லால் குறிக்கிறோம். அதே குடும்பத்துச் சொல்தான் ஆம்பியன்ட். வேலை பார்க்கும்போது கேட்க, ஆர்ப்பாட்டமில்லாத மின்னணு இசை ஏதாவது உண்டா என்று தேடினால் முதலில் எதிர்ப்படுவது இதுதான். தமிழில் இதைப் 'பின்னணி இசை' என்று சட்டென்று எழுதிவிடலாம். ஆனால் அது பொருந்தாது.

சொல்லின் வேர் லத்தீன். 'அம்பி' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் செல்லுதல். இரண்டும் சேர்ந்த 'அம்பீரே' சுற்றி வருதலைக் குறிக்கும். பழைய ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் ஊரைச் சுற்றி வந்து ஆதரவு கேட்டார்கள். அப்படிச் சுற்றுவதற்கு 'அம்பிட்டியோ' என்று பெயர். ஆம்பிஷன் என்று இன்று நாம் சொல்லும் பேராசைக்கும் இலட்சியத்துக்கும் அதுவே மூலம். தமிழிலும் 'சூழ்' என்ற வேர் இப்படித்தான் இரண்டு பக்கம் கிளைத்திருக்கிறது. கடல்சூழ் இலங்கை என்னும்போது அது சுற்றி நிற்பது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஆலோசித்துத் திட்டமிடுவது. பிற்பாடு சூழ்ச்சி கெட்ட வார்த்தையாகிவிட்டது, அது வேறு கதை.

ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் புழங்கத் தொடங்கிய ஆம்பியன்ட், வெகுகாலம் காற்றையும் வெப்பத்தையும் பற்றிப் பேசுகிறவர்களின் சொல்லாகவே இருந்தது. சுற்றுப்புற வெப்பநிலை என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தச் 'சுற்றுப்புற' இதுதான். அதை இசைக்குப் பெயராக நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் விண்டோஸ் 95 கணினி திறக்கும்போது ஒலித்த சில நொடி இசையைக் கேட்டவர்கள் எல்லாரும் அவரைக் கேட்டவர்கள்தான்.

1975இல் ஒரு டாக்சி மோதி ஈனோ படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி 18ஆம் நூற்றாண்டு யாழ் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். சிரமப்பட்டு அதை ஓடவிட்டுத் திரும்பப் படுத்த பிறகுதான், ஒலி மிகக் குறைவாக இருப்பதும் ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாததும் தெரிந்தது. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்தோடு ஒன்றாக, அறையின் வெளிச்சத்தைப் போல இசையும் சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அப்போது பட்டதாக அவரே தன் இசைத்தட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வந்தது. தலைப்பின் முன்னால் 'ஆம்பியன்ட் 1' என்று போட்டு, கூடவே ஒரு வரையறையும் கொடுத்தார்: இந்த இசை எந்த அளவு கவனத்துக்கும் இடம் தர வேண்டும், எதையும் வற்புறுத்தக் கூடாது. காது கொடுத்தால் சுவை இருக்க வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டாலும் அதற்குக் குறை வரக்கூடாது.

அந்தத் தட்டின் இரண்டாவது உருப்படியைச் செய்த விதம் ரசமானது. மூன்று பெண்களும் ஈனோவும் இழுத்துப் பாடிய ஒற்றைச் சுரங்களைத் தனித்தனி ஒலிநாடாக்களில் பதிந்து, ஒவ்வொரு நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். ஒன்று 23 நொடி சொச்சத்தில் ஒரு சுற்று வரும், இன்னொன்று 25 நொடி சொச்சத்தில், மற்றொன்று ஏறக்குறைய 30 நொடியில். நீளம் ஒத்துவராததால் சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சந்திக்கின்றன. கேட்பவருக்கு அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பே தளர்ந்துவிடுகிறது. வேலை நடுவே இது உறுத்தாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பல்லவி எப்போது திரும்ப வரும் என்று மனம் காத்திருப்பதில்லை. சொற்களும் இல்லை. எழுதும்போதோ படிக்கும்போதோ பாட்டின் வரிகள் குறுக்கே வந்து விழுவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

வேலையிடத்துக்கென்றே இசை செய்தவர்கள் ஈனோவுக்கு முன்பும் உண்டு. அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் தொடங்கிய நிறுவனம் 1934இல் 'மியூசிக்' என்பதையும் 'கோடாக்' என்ற பெயரின் வாலையும் ஒட்டி 'மியூசாக்' என்று பெயர் வைத்துக்கொண்டது. கால் மணி நேரம் படிப்படியாக உற்சாகம் கூட்டும் இசை, பிறகு கால் மணி நேரம் மௌனம் என்று கணக்குப் போட்டு அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். ஆட்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்குவதுதான் நோக்கம். ஈனோ இதற்கு நேர்மாறாகச் செய்ய நினைத்தார். இன்று நாம் அவர் வழி வந்த இசையைப் போட்டுக்கொண்டு எக்செல் நிரப்புகிறோம் என்பது வேடிக்கை.

இன்னும் முந்தினவர் பிரான்சின் இசையமைப்பாளர் எரிக் சாட்டி. மேசை நாற்காலி போல அறையில் தன் பாட்டுக்குக் கிடக்கும் இசை வேண்டும் என்றார். 1920இல் பாரீஸ் கலைக்கூடம் ஒன்றில் இடைவேளையின்போது அதை வாசித்தார்கள். ஜனங்கள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சாட்டி பதறிப்போய், 'பேசுங்கள், நடங்கள்' என்று கத்த வேண்டியதாயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? பின்னணி இசை என்பதைச் சினிமா முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. பின்னணி என்றால் முன்னால் ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும். கதாநாயகன் நடந்து வருவான், இசை நம்மைச் சீட்டின் நுனிக்குத் தள்ளும். ஆம்பியன்ட் யாரையும் தள்ளுவதில்லை. 'தியான இசை' என்றால் பயன்பாடு ஒன்றாகச் சுருங்கிவிடும். தவிர, ஆம்பியன்டில் இருட்டும் அச்சமும் கலந்த தட்டுகள் நிறைய உண்டு, அவற்றைப் போட்டுத் தியானம் செய்ய உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவோம். 'சூழொலி' திரையரங்கின் சரவுண்ட் சவுண்டுக்குத்தான் பொருந்தும்.

மிஞ்சுவது சூழலிசை, சூழிசை என்ற இரண்டு. சூழலிசை நல்ல சொல்தான். ஆனால் சுற்றுச்சூழல் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய காதுக்கு ஓடைச் சத்தமும் குயில் கூவலும் நினைவுக்கு வரும். அதை ஜப்பானியரின் 'கான்க்யோ ஒங்காகு'வுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கு நேர்ப்பொருளே அதுதான். ஹிரோஷி யோஷிமுரா 1982இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். டோக்கியோவின் ஹாரா கலை அருங்காட்சியகத்தில் ஒலித்த இசை அது.

என் ஓட்டு சூழிசைக்கு. சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் இசைக்குக் காலம் காட்டாத பெயர் பொருத்தம்தான். லத்தீன் வேரின் பொருளும் சிதையவில்லை. ஆம்பியன்ஸுக்குச் சூழமைவு, ஆம்பியன்டுக்குச் சூழிசை என்று பிரித்துக்கொண்டால் குழப்பமும் இருக்காது.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குத் தமிழில் புதுச்சொல்லே வேண்டாம். ட்ரோன் என்றதும் கல்யாண மண்டபத்தில் பறக்கும் கேமராவை நினைக்க வேண்டாம், ஒரே சுரத்தை நீட்டி நிறுத்துவதற்குப் பெயர் அது. நாகசுர மேளத்தில் அதற்கென்றே ஒரு கருவி இருந்தது: ஒத்து. விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது, ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும். இப்போது அந்த வேலையைச் சுருதிப்பெட்டி செய்கிறது. 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசவு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ட்ரோன் இசையை ஒத்திசை என்று சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் ஒத்திசைவு என்று வேறு பொருளில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம், ஆகவே ஒத்து என்றே விட்டுவிடலாம்.

சூழிசை என்று தட்டித் தேடினால் இப்போதைக்குப் பெரிதாக எதுவும் வராது. தேடுவதற்குப் பழைய பெயர்கள்தான் உதவும். தாளமே வேண்டாம் என்றால் ஆம்பியன்ட், ட்ரோன். மெதுவான தாளம் வேண்டுமென்றால் டவுன்டெம்போ. கொஞ்சம் சிக்கலான தாளக்கட்டும் பரவாயில்லை என்றால் ஐடிஎம். 'அறிவார்ந்த நடன இசை' என்ற பொருள்கொண்ட அந்தப் பெயர் அதை உருவாக்கிய பலருக்கே பிடிக்காது. வார்ப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1992இல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது, அட்டையில் ஓர் இயந்திர மனிதன் நாற்காலியில் சாய்ந்து கிடப்பான். ஆட அல்ல, வீட்டில் உட்கார்ந்து கேட்க என்று சொல்லாமல் சொன்ன படம். அந்தப் பெயரை இன்று தேடினால் வேறு ஏதேதோ வந்து விழும், ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம் ஏஃபெக்ஸ் ட்வின், போர்ட்ஸ் ஆஃப் கனடா, ஹெரால்ட் பட் என்று இசைக்கலைஞர்களின் பெயர்களைப் பிடித்துப் போகலாம். தேடவே நேரமில்லை என்றால் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நேயர்களின் நன்கொடையில் ஓடும் சோமா எஃப்எம் இணைய வானொலி இருக்கிறது. அதில் 'ட்ரோன் சோன்' அலைவரிசை தாளம் வேண்டாதவர்களுக்கு, 'க்ரூவ் சாலட்' தாளம் கேட்பவர்களுக்கு.