ஆறு சேர்த்த மண் யாருக்கு?

‘அக்செஷன்’ என்ற சொல் வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாதிரியும் சொத்துச் சட்டத்தில் வேறு மாதிரியும் வருகிறதே என்று சட்டம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அரசர் அரியணை ஏறுவது, 1947-இல் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தது, அடமான நிலத்தோடு பின்னால் ஒட்டிக்கொள்வது எல்லாமே அக்செஷன்தான். ‘வந்து சேர்வது’ என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

எனக்குப் பிடித்தது ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மண். கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்தால் அது கரைக்காரருக்குச் சொந்தம். ரோமானியச் சட்டத்திலேயே இது உண்டு.

சரி, ஆறு ஏன் ஒரு கரையை அரித்து இன்னொரு கரையில் மண் போடுகிறது? வடிகட்டாத டீயைக் கரண்டியால் சுழற்றிவிட்டுப் பாருங்கள். சுழலும் எதுவும் வெளியே ஓடத்தானே வேண்டும்? ஆனால் அடியில் கிடக்கும் தூள் நடுவில் வந்து குவியும். 1926-இல் ஐன்ஸ்டீன் இதையே வைத்து ஆற்றின் வளைவுகளை விளக்கினார். மேல்நீர் வேகமாக வெளிப்பக்கம் ஒதுங்க, அங்கே மட்டம் இம்மியளவு உயர்கிறது. அந்த உயரத்தின் அழுத்தம் தண்ணீரை உள்பக்கம் தள்ளுகிறது. மேலே வேகம் அதைச் சமாளித்துவிடும். தரையோடு உரசி வேகமிழந்த அடிநீரால் முடியாது. மணலையும் உருட்டிக்கொண்டு உள்கரைக்கு வந்துவிடும். ஆக, வளைவில் தண்ணீர் திருகாணிபோல் முறுக்கிக்கொண்டே போகிறது. லேப் வேண்டாம், ஒரு டம்ளர் போதும். ஆனாலும் பள்ளியில் இதை யாரும் எனக்குக் காட்டவில்லை!

அமெரிக்காவில் மிசௌரி ஆறுதான் நெப்ராஸ்காவுக்கும் அயோவாவுக்கும் எல்லை. 1877-இல் அது ஒரு வளைவை அப்படியே வெட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று தடம் மாறினால் பழைய தடமே எல்லை என்று 1892-இல் தீர்ப்பு வந்தது. மிசௌரி கரையைப் பாளம் பாளமாகச் சரிக்கிற முரட்டு ஆறாயிற்றே, அதை ‘மெல்ல’ என்பதா? நீதிபதிகள் இதையும் யோசித்தார்கள்: சரிவது பாளமாக இருக்கலாம், அந்தப் பாளம் அப்படியே எதிர்க்கரைக்குப் போவதில்லை, கரைந்து துகள் துகளாகத்தான் எங்கேயாவது படிகிறது. டம்ளரில் பார்த்த அதே சங்கதி.

வெட்டுப்பட்ட அந்த நிலம்தான் இன்றைய கார்ட்டர் லேக் ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம், நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தை ஒட்டியே இருந்தாலும் அயோவாவைச் சேர்ந்தது. ஒமாஹா நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் போனால் வழியில் கொஞ்ச தூரம் அயோவா வந்துபோகும்.