பாசிப் படத்துக்குத் தண்ணீர் அடிக்காதீர்கள்

பதப்படுத்திய பாசியைச் சட்டத்தில் பதித்து, சுவரில் மாட்டும் படங்களாகச் செய்து தருவது என் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "மேடம், பாசியில இருந்து பச்சைத் தண்ணி வடியுது." போய்ப் பார்த்தால் சுவரில் பச்சைக் கோடுகள், கீழே சோபாவில் கறை, படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பிரே பாட்டில். போன வாரம் சென்னையில் ஓர் அலுவலக வரவேற்பறையிலும் இதுதான் நடந்தது. அங்கே துப்புரவு வேலை செய்யும் அக்கா தினமும் காலையில் பொறுப்பாகத் தண்ணீர் அடித்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. "செடி வாடுது, கவனிங்க" என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள், அவர் செய்தார். நான் எழுதிக் கொடுத்த பராமரிப்புத் தாளோ மேசை டிராயரில் மடித்தது மடித்தபடியே கிடந்தது.

இப்படிப் பாழான வேலைகளைக் கழற்றி எடுத்து வருவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

பதப்படுத்திய பாசிக்கு உயிர் இல்லை. அது வளராது, வாடாது, தாகம் எடுக்காது. பறித்த பாசியைக் கிளிசரின் கரைசலில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, உலர்த்தி எடுக்கிறோம். உள்ளே இருந்த நீரின் இடத்தில் இப்போது கிளிசரின் இருக்கிறது. அதனால்தான் தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பார்த்தால் இப்போதுதான் மலையிலிருந்து பெயர்த்து வந்ததுபோல் தெரிகிறது. அந்த மென்மையைப் பார்த்துத்தான் எல்லோரும் உயிரோடு இருப்பதாக நினைக்கிறார்கள். "வாரம் ஒரு தடவை அடிச்சா போதுமா?" என்று கேட்கிறார்கள். ஒரு தடவையும் வேண்டாம். "லேசா ஈரத்துணியால ஒத்தி எடுக்கலாமா?" வேண்டாம். "ரோஸ் வாட்டர்?" அதுவும் தண்ணீர்தான். "ஆர்.ஓ. தண்ணி?" ஐயா, தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். ஆவக்காய் ஜாடிக்குள் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதேதான்: பூஞ்சை பிடிக்கும். கூடவே சாயமும் இறங்கும்.

இந்தத் தப்பெண்ணத்தை வளர்த்துவிட்டதில் விற்பவர்களுக்கும் பங்கு உண்டு. "காற்றைச் சுத்தம் பண்ணும், ஆக்சிஜன் கொடுக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். உயிரில்லாத பாசி எப்படி ஆக்சிஜன் கொடுக்கும்? எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அது உண்மை. மற்றபடி இது ஓவியம் மாதிரி பார்ப்பதற்கான பொருள். அப்படிச் சொல்லியே விற்கலாம், வாங்குபவர்கள் வாங்கத்தான் செய்வார்கள்.

அந்த அலுவலகத்தில் இருந்தது பரணரின் பாட்டு ஒன்றை வைத்து நான் செய்த வேலை. குறுந்தொகையில் 399-ஆம் பாட்டு. காதலன் தொடுகிற இடத்தில் எல்லாம், பிரிவால் மேனியில் படர்ந்த பசலை நிறம் விலகுகிறது, கை எடுத்ததும் திரும்பப் பரவுகிறது. ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணித் துறையில் பாசி விலகி மூடிக்கொள்வதுபோல என்கிறாள் தலைவி. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லத்தக்க பாட்டு, நாலே அடி. பாசியை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நடுவே கறுப்பு ரெசின் ஊற்றி நீர்ப்பரப்பு, சுற்றிலும் தட்டையாகப் பரப்பும் ஷீட் மாஸ் பாசி, ஓரத்தில் திரள்திரளாகப் பன் மாஸ் பாசி, ஓர் இடத்தில் மட்டும் கை பட்டு விலகியதுபோல் ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் விளிம்புதான் முழு வேலையும். மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும், அந்த விளிம்பில்தான் நாள்கள் போகும்.

பாட்டைக் கேட்டதும் யாருக்கும் தொட்டுப் பார்க்கத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டில் வரும் பாசி திரும்பி வந்து மூடிக்கொள்ளும், என் சட்டத்தில் இருப்பது மூடாது. விரலால் அழுத்தினால் அமுங்கியதுதான். ஏசியில் காய்ந்திருக்கும் நேரமாக இருந்தால் பொடியாக உதிரும். குழந்தைகள் வந்து போகும் இடமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், முன்னால் அக்ரிலிக் போட்டுத் தருகிறேன். "கேணின்னு சொல்றீங்க, தண்ணி வேண்டாமா?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

சரி, எங்கே மாட்டலாம்? நேர் வெயில் படும் சுவர் கூடாது, நிறம் வெளுத்துவிடும். குளியலறை கூடாது. பால்கனி கூடவே கூடாது. பூஜை அறைச் சுவருக்குக் கேட்பவர்களிடம் நான் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டினால் எடுக்க வழியில்லை, கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த தாவரம் இருப்பது ஆபத்தும்கூட. ஏசியின் காற்று நேராகப் படத்தின் மேல் அடிக்கும் இடமும் வேண்டாம். சட்டத்துக்கு எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை போட்டு விலை குறைத்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். கடலோர ஊரில் அது உப்பிவிடும். ஈரம் தாங்கும் மரைன் ப்ளை ஒட்டுப்பலகைதான் சரி.

பாசி மொறுமொறுப்பாகிவிட்டால் அறையில் ஈரப்பதம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஏசியை ஓரிரு நாள் நிறுத்தி வையுங்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானாகவே இளகிவிடும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. கிளிசரின் ஈரத்தை இழுத்து இழுத்து, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் வியர்க்கும். தீபாவளி விடுமுறைக்கு ஏசியை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகும் அலுவலகங்களில் இது தவறாமல் நடக்கிறது. ஏசியில் காற்றின் ஈரத்தை எடுக்கும் 'ட்ரை' மோடு இருக்கிறது அல்லவா, அதற்குத்தான் இருக்கிறது. வடிந்ததை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தூசிக்கு ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று ஊதினால் போதும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். இப்போது வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர். நல்ல விஷயம்தான். ஐந்திணைக் காட்சிகளைப் படமாகச் செய்ய ஆரம்பித்தால் காந்தள் வரும், அழகுக்குக் குன்றிமணி வரும். காந்தளின் கிழங்கு, விதை, பூ எல்லாமே நஞ்சு. கோல்சிசின் என்ற அந்த நஞ்சு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் பூவைக் காய வைத்தாலும் போகாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக அதைப் பயிரிடும் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். யூடியூப் பார்த்துச் செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. குன்றிமணியை ஓட்டை போட்டுக் கோத்தாலோ, குழந்தை கடித்து விழுங்கினாலோ உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே வரும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையும் நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் இந்த இரண்டும் அலங்காரத்தில் வேண்டாம். சிவப்புக்குச் சாயம் ஏற்றிய வேறு பூ ஆயிரம் கிடைக்கிறது.

கடைசியாக, பொருள் எங்கிருந்து வருகிறது என்று யாருமே கேட்பதில்லை. ரெயின்டீர் மாஸ் என்று விற்பது நார்வே, பின்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. அது பாசியே அல்ல, லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் இனம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அதனால்தான் அந்த விலை. "ஏன் இவ்வளவு? கொடைக்கானல்ல சும்மா கிடைக்குதே" என்று பேரம் பேசுகிறார்கள். சும்மா கிடைப்பதில்லை. சோலைக்காட்டு மரத்திலும் பாறையிலும் படர்ந்திருக்கும் பாசிதான் மூடுபனியையும் மழையையும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. காப்புக்காட்டில் அதைச் சுரண்டி எடுப்பது குற்றம்.

குறிஞ்சியும் அப்படித்தான். "திணையில நிஜக் குறிஞ்சிப் பூ வேணும்" என்று கேட்பவர்களுக்கு: நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் இருக்கிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி. மூணாறு மலைகளில் 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். விதை விழுவதற்கு முன் பறித்தால் அடுத்த தலைமுறைச் செடிக்கு வழியில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வருகின்றன, அத்தனையையும் ஒரே சட்டத்தில் வைத்துத் தரச் சொன்னாலும் நான் தரமாட்டேன். ஊதாச் சாயம் ஏற்றிய ஸ்டேட்டிஸ் என்ற உலர்பூவை மலைச்சரிவு மாதிரி அடுக்கினால் குறிஞ்சி பூத்த மலை கண்ணுக்கு வந்துவிடுகிறது. யாராவது உங்களிடம் "காட்டுப் பாசி சார், ஒரிஜினல்" என்று சொல்லி மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் கேளுங்கள்.