ஸ்கேனில் குழந்தைக்குக் குறை என்று வந்தால்: சட்டம் எதை அனுமதிக்கிறது, யார் முடிவெடுப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் குறை என்று ஸ்கேனில் தெரிந்தால் கருவைக் கலைத்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கலைக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. கலைக்கலாமா என்று மருத்துவர்கள் சட்டப்படி கருத்துச் சொல்வார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எங்கள் பக்கம் எங்கே கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அஞ்சு மாசம் தாண்டிட்டா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்பார் ஒருவர், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம டாக்டர் தொடவே மாட்டாங்க" என்பார் இன்னொருவர், இதையெல்லாம் கேட்டுக் குழம்பி முடிப்பதற்குள் இரண்டு மூன்று வாரம் போய்விடும். இந்த விஷயத்தில் கடந்துபோன வாரம் திரும்ப வராது.

கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. ஆஸ்பத்திரிகளில் எம்.டி.பி. சட்டம் என்பார்கள். ரொம்ப காலம் 20 வாரம்தான் எல்லை. 2008-ல் மும்பையைச் சேர்ந்த நிகிதா மேத்தா, குழந்தையின் இதயத்தில் கோளாறு என்று 20 வார எல்லை தாண்டிய பிறகு தெரிந்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார், அனுமதி கிடைக்கவில்லை. சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அந்த வழக்கிலிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பர் 24-ல்.

இப்போதுள்ள நிலை இதுதான். 20 வாரம் வரை தகுதியுள்ள ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-க்கு மேல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் கருத்துத் தர வேண்டும், அதுவும் விதிகளில் சொல்லியிருக்கும் சில வகைப் பெண்களுக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள் என்று அந்த வரிசை போகிறது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதும் அதில் ஒன்று. 24-ஐயும் தாண்டிவிட்டால், கருவில் கணிசமான குறைபாடு இருக்கிறது என்று மருத்துவக் குழு கண்டறிந்தால் மட்டும் வார வரம்பு கிடையாது. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்ய வேண்டிய நிலை என்றால் எந்த வாரமும் தடையில்லை, அது தனிப் பிரிவு.

வாரக் கணக்கில்தான் நம்மவர்கள் நிறைய பேர் தடுமாறுகிறோம். கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், கரு தங்கிய நாளிலிருந்து அல்ல. அதனால் வீட்டில் "நாலரை மாசம்" என்று நினைத்துக்கொண்டிருப்போம், ரிப்போர்ட்டின் மேல் பக்கத்தில் ஜி.ஏ. (கருவின் வயது) என்று போட்டு 21 வாரம் 3 நாள் என்றிருக்கும். வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு அந்த வரியைப் பாருங்கள். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். நடவு முடியட்டும், கூலி கைக்கு வரட்டும், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதுகுத்தண்டு மூடவில்லை என்றோ மண்டையோடு உருவாகவில்லை என்றோ தெரிய வரும்போது ஏழாம் மாதம் ஆகியிருக்கும். அப்போதும் வழி இருக்கிறது, ஆனால் அது குழு வழியாகப் போகிற வழி, உடம்புக்கும் மனசுக்கும் கூடுதல் பாடு.

அந்தக் குழுவில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் ஆகியோர் கட்டாயம் இருக்க வேண்டும், அரசு அறிவிக்கும் மற்றவர்களும் இருக்கலாம். மனு வந்ததிலிருந்து மூன்று நாளுக்குள் கருத்தைச் சொல்ல வேண்டும், கலைக்கலாம் என்றால் மனு வந்ததிலிருந்து ஐந்து நாளுக்குள் மனநல ஆலோசனையோடு பாதுகாப்பாகச் செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்கள் இதில் பக்கத்தில் உள்ள ஒன்றுக்குத்தான் போக வேண்டும். மகப்பேறு பிரிவில் ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), ஆதார் கொடுத்து, குழுவுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள், கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இருந்தால்தான் மூன்று நாள் எப்போது முடிகிறது என்று கேட்க முடியும்.

குழு சரி என்றால் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை. 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் 33 வாரக் கருவில் மூளைக் குறைபாடு இருந்த வழக்கில் அனுமதி கொடுத்து, கடைசி முடிவு தாயுடையது என்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 26 வாரக் கருவில் குறை எதுவும் இல்லை என்று எய்ம்ஸ் சொன்னதைப் பார்த்து மறுத்தது. இரண்டுமே மருத்துவ அறிக்கையை வைத்து நடந்தவை, அதனால் காகிதம் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். 18 வயது முடிந்த பெண் என்றால் சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருடையதும் சட்டப்படி வேண்டியதில்லை. வயது குறைந்தவர், மனநோய் உள்ளவர் என்றால்தான் காப்பாளர் கையெழுத்து. பல இடங்களில் பழக்கத்தில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்பார்கள். அது வழக்கம், சட்டம் இல்லை. அதேபோல எதிர்ப்பக்கமும் உண்டு: அந்தப் பெண் பெற்றுக்கொள்கிறேன் என்று நிற்கும்போது குடும்பம் கூடி நின்று கலைக்கச் சொன்னால், சம்மதமில்லாமல் செய்வது கடும் தண்டனைக்குரிய குற்றம். பெயர் விவரத்தை வெளியே விடுகிற மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

வேறு நாடுகளில் நிலைமை வேறு. போலந்தில் 2020-ல் அரசியல்சாசன நீதிமன்றம் கருவின் குறைபாட்டைக் காரணமாகக் காட்டிக் கலைப்பதையே செல்லாது என்றது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் 2017-ல் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு காரணமாகக் கலைப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் பேசுகிறவர்கள் இங்கேயும் ஒன்றைக் கேட்கிறார்கள்: எல்லாருக்கும் வாரக் கணக்கு வைத்துவிட்டு, குறையுள்ள குழந்தை என்றால் மட்டும் கணக்கே இல்லை என்றால், எங்கள் உயிர் மட்டம் என்றா அர்த்தம்? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துப் பெறச் சொல்வது இல்லை என்பது என் கருத்து. பிறந்தால் வாழ வழி இருக்கிறது என்று அவருக்கு நம்பும்படி காட்டுவதுதான் பதில்.

சட்டத்தில் நோய்ப் பட்டியல் கிடையாது, ஆகவே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: பிறந்தால் உயிர் தரிக்குமா, அறுவை சிகிச்சையில் சரியாகுமா, எந்த அளவுக்கு உதவி தேவைப்படும்? உதட்டுப் பிளவும் வளைந்த பாதமும் பிறந்த பிறகு சரி செய்யக்கூடியவை. மண்டையோடு உருவாகாத குழந்தை பிழைக்காது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் ஒரே "குறை" என்ற சொல்லில் அடைத்து வைத்துப் பேசினால் யாரும் சரியாக முடிவெடுக்க முடியாது.

பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தால், பிரசவத்தை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்துக்கொள்வது நல்லது, குழந்தை மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். அப்புறம் டி.இ.ஐ.சி. எனும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தையைப் பதிந்து பயிற்சிகளைத் தொடங்குங்கள். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு உள்ளிட்ட பிரிவினருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் அதே அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.