ஹேர் டானிக் வாங்கும் முன் தலையை யாரிடமாவது காட்டுங்கள்

"அண்ணே, மூணு மாசமா விடாம டானிக் தேய்க்கிறேன். மத்த இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி மட்டும் பெருசாகிட்டே போகுது."

சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார் அந்தத் தம்பி. 24 வயது. ரங்கூனில் அனோரத்தா சாலைப் பக்கம் இருக்கிற என் சலூனுக்குச் சின்ன வயதிலிருந்து வருபவர். வேலைக்காக வெளியூர் போனதால் ஒரு வருடமாக வரவில்லை. பிடரி முடியைச் சீப்பால் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம். தோல் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. செதில் இல்லை, சிவப்பு இல்லை, அரிப்பும் இல்லை என்றார். வட்டத்தின் ஓரத்தில் குட்டையாக நாலைந்து முடி. நுனி தடித்து அடி மெலிந்திருந்தது. லேசாகத் தொட்டு இழுத்ததும் ஒன்று கையோடு வந்தது. புழுவெட்டு.

பெயர்தான் அப்படி, புழு எதுவும் வெட்டுவதில்லை. நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தியே தடம் மாறி முடியின் வேரைத் தாக்குவதால் வருவது இது. சின்ன வட்டமாக இருந்தால் பலருக்குத் தானாகவே முளைத்துவிடும். பெரிதாகிக்கொண்டே போனால் தோல் டாக்டர் அந்த இடத்திலேயே ஊசி போடுவார். ஹேர் டானிக்குக்கு அங்கே வேலையே கிடையாது. தம்பி செலவழித்த பணத்தைவிட, வட்டம் வளர்ந்துகொண்டிருந்த அந்த மூன்று மாதம்தான் எனக்கு வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முடி வெட்டுகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் ஒருவருடைய பிடரியையும் உச்சியையும் அவரைவிட அதிகம் பார்ப்பவன். 30 வருடமாகப் பார்த்ததில் ஒன்று தெரியும்: டானிக் என்ற சொல்லே நம் ஆட்களை ஏமாற்றுகிறது. காய்ச்சல் விட்டதும் உடம்பு தேற டாக்டர் எழுதித் தருவதைத்தான் நாம் டானிக் என்போம். அதே நினைப்பில், இதைத் தேய்த்தால் முடிக்குப் பலம் வரும் என்று வாங்குகிறார்கள்.

பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது தண்ணீர், ஆல்கஹால், கொஞ்சம் கிளிசரின், மென்தால், வாசனை. சிலவற்றில் மூலிகைச் சாறு. அந்தக் காலத்தில் ஐரோப்பிய சலூன்களில் கொய்னா மரப்பட்டைச் சாறு கலந்த டானிக்குக்கு நல்ல பேர். மலேரியாவுக்குக் கொடுத்த அதே கொய்னாதான். சரி, தேய்த்ததும் தலை ஜில்லென்று ஆகிறதே? மென்தால் தோலில் குளிர்ச்சியை உணர்கிற நரம்பைத் தூண்டிவிடுகிறது. ஆல்கஹால் காயும்போது கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏப்ரல் வெயிலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நெருங்குகிற நாட்களில், அந்தக் குளிர்ச்சி எவ்வளவு சுகம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது மேல்தோலோடு முடிந்துவிடுகிற சுகம். மருந்து வேரில் இறங்குவதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் டானிக்கால் முடி வந்தது என்று இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்களே, எப்படி? இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். மழைக்காலத்தில் இங்கே டெங்கு வரும். காய்ச்சல் வந்தவர் பத்து நாளில் எழுந்து நடமாடுவார். இரண்டு மூன்று மாதம் கழித்து, தீபாவளிக்கு முடி வெட்ட வரும்போது, சீப்பு நிறைய முடி வரும். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பெரிய மனக்கவலை எதுவாக இருந்தாலும் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு சுமார் மூன்று மாதம். அது முடிகிற சமயத்தில் மொத்தமாக உதிரும். பயந்துபோய் டானிக் வாங்குவார்கள். வேர் சாகவில்லை என்பதால் அடுத்த சில மாதங்களில் முடி தானாகவே திரும்ப வரும். பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போகும். அவர் நல்ல மனதோடு நாலு பேருக்குச் சொல்வார். அந்த நாலு பேரில் ஒருவருக்குப் புழுவெட்டு இருக்கும், இன்னொருவருக்குப் பரம்பரை வழுக்கை இருக்கும்.

நெற்றியோரம் இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் மெலிகிறதே, அந்த வழுக்கை வேறு சங்கதி. ஆண்களுக்கான ஹார்மோனுக்கும் பரம்பரைக்கும் சம்பந்தப்பட்டது. இதற்கு நிரூபணமான மருந்து இருக்கிறது: மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள்; 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாட்டிலும் சொட்டுக்குழாயும் டானிக் போலவே இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் ஏராளம். மினாக்சிடில் ஒரு மருந்து. வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 1 மில்லி, தினம் இரண்டு தடவை. முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக்கூட உதிரும். அங்கேதான் பாதிப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். நிறுத்தினால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. படபடப்போ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அப்புறம், வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கவனம். மருந்து போட்ட தலையையோ தலையணையையோ பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், எட்டு வயதுப் பையன் ஒருவனை அப்பா கூட்டி வந்தார். தலையில் சாம்பல் நிறச் செதில், நடுவில் முடி ஒட்ட முறிந்து கரும்புள்ளியாக நின்றது. பொடுகு முற்றிவிட்டது என்று நினைத்து டானிக் தேய்த்து அனுப்பினேன். அது படை. பூஞ்சைத் தொற்று. அடுத்த மாதம் அவன் தம்பிக்கும் வந்துவிட்டது. தலைப்படைக்கு மேலே எதைத் தடவினாலும் போதாது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து ஒருவருக்குப் போட்ட சீப்பையும் மெஷின் பிளேடையும் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் தலையில் வைப்பதில்லை. நீங்கள் எந்தச் சலூனுக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது.

இவ்வளவு சொன்னாலும் என் அலமாரியில் டானிக் இருக்கிறது, தினமும் போடுகிறேன். எண்ணெய் வழிகிற தலைக்கு அது நல்ல பொருள். பிசுக்கை எடுக்கும், முடியைப் படிய வைக்கும், நாள் முழுக்கப் புத்துணர்ச்சி தரும். போடுகிற முறைதான் முக்கியம். ராத்திரி தேங்காய் எண்ணெய், காலையில் அதன் மேலேயே டானிக் என்று போட்டால் அது தோலைத் தொடாது. முதலில் தலையை அலசுங்கள். ஷாம்புவும் சரி, நம் சீயக்காயும் சரி. பர்மியர்கள் தயோ மரப்பட்டையோடு சேர்த்துத் தலைக்குத் தேய்க்கும் கின்புனும் சீயக்காய்தான். டவலால் ஈரத்தை ஒற்றிவிட்டு, இரண்டு விரல் இடைவெளியில் வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் சில சொட்டு. நகம் படாமல் விரல் நுனியின் சதையால் மெதுவாகத் தேய்த்தால் போதும். புது பாட்டில் என்றால் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். தாய்லாந்து, ஜப்பான் எழுத்தில் வரும் பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று நமக்குப் படிக்கத் தெரிவதில்லையே.

வறண்ட தலையில் வெள்ளைவெள்ளையாய் உதிர்ந்தால் ஆல்கஹால் உள்ள டானிக் அதை இன்னும் மோசமாக்கும். பீலிக்கான் கோயிலில் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு வந்தவர்கள், கத்தி பட்ட தோல் ஆறும் வரை டானிக் பக்கமே போகாதீர்கள். சந்தனமே போதும். இன்னொன்று, டானிக் ஈரம் காய்வதற்குள் சிகரெட் பற்றவைப்பதும் கற்பூரத் தட்டுக்குக் குனிவதும் வேண்டாம். ஆல்கஹால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தம்பி தோல் டாக்டரிடம் போனார். போன வாரம் வந்திருந்தார். கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினேன். வட்டத்துக்குள் பூனைமுடி போல முளைத்திருந்தது. எல்லாம் வெள்ளை. "நரைச்சுப் போச்சாண்ணே?" என்று பதறினார். புழுவெட்டில் முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு நிறம் திரும்புவது பலருக்கும் நடக்கும் என்று சொல்லி, அந்த இடத்தை மெஷின் படாமல் கத்தரியாலேயே வெட்டிவிட்டேன்.