"அப்பாட்டச் சொல்லு": வீட்டுக்குள் தூது போகும் பிள்ளைகள்

பையனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. காலையில் பாடசாலைக்கு வெளிக்கிட்டால் வயிற்றுவலி. இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் என் அறை இருக்கிறது. ரயில் போகும்போது கதையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அன்றும் அப்படி ஒரு ரயில் போய் முடிந்த பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்: "எந்த நேரத்தில வலி கூட?"

அவர் மகன் பக்கம் திரும்பினார். "அம்மாட்டக் கேள் தம்பி. அவவுக்குத்தான் தெரியும்."

அம்மா அவருக்கு அடுத்த கதிரைக்கு அடுத்த கதிரையில் இருந்தார். நடுவில் இருந்த பையன் திரும்பி, "அம்மா, எப்ப கூட?" என்று கேட்டான். "திங்கக்கிழமை விடியத்தான் கூட எண்டு சொல்லு" என்றார் அம்மா. பையன் என்னிடம் சொன்னான்.

இருபது வருடமாக உளவளத்துணைத் தொழிலில் இருக்கிறேன். இப்படி வயிற்றுவலியின் காரணம் கண்முன்னே நடந்து காட்டப்படுவது அடிக்கடி கிடைப்பதில்லை. (இங்கே எழுதுகிற எல்லாருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். சிலரைச் சேர்த்து ஒருவராகவும் எழுதியிருக்கிறேன்.)

அப்பா ஊரில் தன் தம்பியின் வீட்டு வேலைக்கு வீட்டில் சொல்லாமல் காசு கொடுத்திருந்தார். அது தெரிய வந்த நாளிலிருந்து ஏழு மாதமாக இருவரும் நேரடியாகக் கதைப்பதில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் பில், ரியூஷன் காசு, கலியாண வீட்டுக்கு யார் போவது என்று எல்லாமே பையன் வழியாகத்தான் போய் வந்தன. அவனோடு தனியாக இருந்தபோது ஒன்று சொன்னான். அதை நான் மறக்கவில்லை. "அம்மா 'அந்தாளுக்குச் சொல்லு' எண்டுதான் தொடங்குவா. நான் 'அம்மா கேட்டவ' எண்டு மாத்திச் சொல்லுவன். அப்பா கோவமாச் சொல்லுறதையும் அப்பிடித்தான். பிழையாச் சொல்லிப்போட்டா ரெண்டு பேரும் பிரிஞ்சுடுவினம் எண்டு பயம்."

பெரியவர்கள் இருவரின் கலியாணத்தை ஒரு பிள்ளை, ஒவ்வொரு வசனமாகத் திருத்தித் திருத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவனுக்கு இருந்த பெயர் "பொறுப்பான பிள்ளை."

குடும்பத்தை ஒரு தொகுதியாகப் பார்த்த ஆரம்பகால மனநல வைத்தியர்களில் ஒருவர் அமெரிக்கரான மரே போவன். 1954 முதல் 1959 வரை அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தில், நோயாளியை மட்டும் இல்லாமல் குடும்பத்தையும் சேர்த்தே விடுதியில் தங்க வைத்துக் கவனித்தார். இருவருக்கிடையில் பதற்றம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே இழுக்கப்படுவார் என்றும், முக்கோணம்தான் உறவுகளின் அடிப்படை அலகு என்றும் அவர் எழுதினார். இருவருக்கும் கொஞ்சம் மூச்சு வரும், மூன்றாவது ஆள் மூச்சு முட்டுவார். அநேகமாக அந்த மூன்றாவது ஆளைத்தான் "இவருக்கு ஏதோ பிரச்சினை" என்று எங்களிடம் கூட்டி வருவார்கள்.

கொழும்பில் எங்கள் சனத்துக்கு இந்த முக்கோணத்தின் ஒரு மூலை கனடாவிலோ லண்டனிலோ இருக்கும். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒரு இளம் தம்பதி. மாமியார் இவர்களோடு இல்லை, டொரோண்டோவில் மகளோடு இருக்கிறார். ஆனாலும் தினமும் இரவு ஏழரைக்கு, அங்கே காலை பத்துக்கு, வீடியோ அழைப்பு வரும். மச்சாள், அதாவது கணவனின் அக்கா, கேட்பார்: "அவ இண்டைக்கு என்ன சமைச்சவ? ஏன் இன்னும் வேலைக்குப் போறா? பிள்ளை மெலிஞ்சிட்டான்." அழைப்பு முடிந்ததும் கணவனின் முகம் மாறிவிடும். ஒன்றும் சொல்ல மாட்டார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போவார். மனைவிக்கு ஏழு மணியிலிருந்தே நெஞ்சு படபடக்கத் தொடங்கும். கை விறைக்கும். இருதய வைத்தியரிடமும் போய் வந்துவிட்டார்.

அந்த அக்காவை வில்லியாக்கினால் வேலை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது நியாயமில்லை. பத்தொன்பது வயதில் போனவர், பனிக்குள் இரண்டு வேலை செய்து தம்பியைப் படிப்பித்தவர். வீட்டோடு அவருக்கு மிஞ்சியிருக்கிற தொடர்பு அந்தத் திரை மட்டும்தான். தம்பிக்கோ நன்றிக்கடன். அக்காவிடம் "இதை விடுங்கோ" என்று சொல்ல வாய் வராது. சொல்ல முடியாத அந்தச் சொல்லைத்தான் அவர் மௌனமாக மனைவி மேல் இறக்கிவிடுகிறார். நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. அக்காவோடு ஞாயிறு காலையில் அவர் தனியாக, ஆறுதலாகக் கதைக்கத் தொடங்கினார். மனைவியைப் பற்றிய கேள்வி வந்தால், "அக்கா, அதை நான் அவவோட கதைக்கிறன்." அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பழக அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது. முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியதாம்.

அன்பே பாரமாகிவிடுவதும் உண்டு. இதைச் சொல்லும்போது தாய்மார் மனம் நோகக்கூடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பழைய ஆய்வை வைத்துச் சொல்கிறேன். 1950களின் கடைசியில் ஜோர்ஜ் பிறவுண் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும், லண்டன் மனநல வைத்தியசாலைகளில் இருந்து வீடு திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களை விட, வாடகை அறைக்கோ சகோதரர் வீட்டுக்கோ போனவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஏன் என்று தேடிப் போனபோது மூன்று விஷயங்கள் வெளிப்பட்டன: ஓயாமல் குறை சொல்வது, வெறுப்புக் காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது. பிறகு 1976இல் வோன், லெஃப் என்ற இருவர் செய்த ஆய்வு, இப்படியான வீடுகளில் வாரத்துக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் இன்னும் கூட என்று காட்டியது. குடும்பம் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் அம்மாவின் வளர்ப்பால் வருவதில்லை. வந்த நோய் ஆறுகிற வேகத்தில் வீட்டின் காற்றுக்குப் பங்கு இருக்கிறது, அவ்வளவுதான். மருந்தும் வேண்டும், காற்றும் வேண்டும்.

அப்படி ஒரு அம்மா. மகளுக்கு 24 வயது, அரச வைத்தியசாலையில் இருந்து வீடு வந்து மூன்று மாதம். அம்மா மகளின் காலடியில் பாய் விரித்துப் படுக்கிறார். குளியலறைக் கதவை இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் தட்டுகிறார். மகள் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா என்னைப் பாக்கிற பார்வையிலேயே நான் இன்னும் வருத்தக்காரி எண்டு தெரியுது." பின்னேரம் ஒரு மணித்தியாலம் கடற்கரைக்கு நடந்துவிட்டு வாருங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "பிள்ளைய விட்டிட்டு நான் என்னெண்டு போறது?" என்று அழுதார். அவர் அப்படிப் பயந்ததற்குப் பின்னால், 1995இல் போருக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வந்தபோது கைநழுவிப் போன இன்னொருவரின் கதை இருந்தது. அதை அவர் மகளுக்குச் சொன்னதே இல்லை. எங்கள் வீடுகளில் சொல்லப்படாத கதைகளும் சொல்லப்பட்டவற்றைப் போலவே பிள்ளைகளிடம் போய்ச் சேர்கின்றன.

அவர் முதல் நாள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். பரவாயில்லை என்றேன்.

இதையெல்லாம் வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கணவனிடமோ மனைவியிடமோ சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். "நான் தூது போக மாட்டன்" என்று சொல்கிற துணிவைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம். அவனை விடுவிக்க வேண்டியது பெரியவர்கள்தான். நேரே கதைக்க முடியவில்லையென்றால் கடுதாசியில் எழுதி மேசையில் வையுங்கள், அதுகூடப் பரவாயில்லை.

காசு செலவழிக்க வசதி இல்லையே என்று பொறுத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகள் இலவசம். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். வீட்டில் யாராவது சாவதைப் பற்றிக் கதைத்தால் "சும்மா சொல்லுது" என்று விடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் பையனின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் கொடுத்த வேலை, இரவில் பத்து நிமிடம், பில்களைப் பற்றி மட்டும் நேரே கதைப்பது. தம்பிக்குக் கொடுத்த காசைப் பற்றிக் கதைக்கக் கூடாது. முதல் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது தடவை வந்தபோது அம்மா கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி, "தண்ணி பில் வந்திருக்கு" என்றார். பையன் வழக்கம்போல அப்பா பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா, "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார்.

பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னிடம், "நான் வெளியில நிக்கட்டே?" என்றான். கதை முடிந்து கதவைத் திறந்தபோது வாங்கில் உட்கார்ந்து, முன்கடையில் வாங்கிய மீன் பற்றிஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைகளில் வலி இன்னும் இருக்கிறதாம். மற்ற நாட்களில் பாடசாலைக்குப் போகிறான்.